பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

'வெற்றிகரமாக முடிந்தது, மறுபடியும் தொடங்குங்கள்' என்று திரையில் வந்ததும் தயாளன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மனத்துக்குள் நாற்பது கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தான். பிறகு பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

திரை இருண்டது. வெளுத்தது. மறுபடியும் இருண்டு, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு வரியைக் காட்டியது. தொடங்குவதற்கு இங்கே எதுவும் இல்லை என்பது அந்த வரியின் சாரம்.

"முடிஞ்சிருச்சா தம்பி?" கதவருகே நின்றபடி லெட்சுமி அக்கா கேட்டார்.

"முடிஞ்சிருச்சு அக்கா. ஆனா முடிஞ்சது அதுக்கே ஞாபகம் இல்ல போல. இன்னொரு தடவ போட்டுப் பாக்குறேன் லா."

இது இரண்டாவது தடவை. முதல் தடவையும் இதே கூத்துதான். ஒரு மணி நேரம் மாங்கு மாங்கென்று எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு குறையும் சொல்லாமல் முடித்துவிட்டு, அணைத்துத் திறந்தால் பச்சைப் பிள்ளை போல விழிக்கிறது.

தயாளனுக்குப் பினாங்கில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரிய மனிதர்கள் வரை வரிசையில் நின்ற கடை. இப்போது ஜனங்கள் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்கிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால், பக்கத்திலிருக்கும் சாவி வெட்டும் கடைக்கு வழி கேட்பவர்கள்தான் நாலு பேர் வருவார்கள். அவன் மனைவி யமுனாவின் அண்ணன் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். தன் கீழே ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், மாப்பிள்ளைக்காக இந்த வாரக் கடைசி வரை அதைப் பிடித்து வைத்திருப்பதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த மச்சானைத்தான் தயாளன் தன் கல்யாணத்தன்று, நாலு பேர் காதில் விழும்படி, ஸ்குரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத மனுஷன் என்று சொல்லியிருந்தான். அவர் அதை மறந்திருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சாந்தினி கடைக்கு வந்தாள். பட்டர்வொர்த்தில் டியூஷன் சென்டர் திறக்கப் போகிறாள். நாற்பது பழைய கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் புது இயங்குதளத்தைப் போட்டு, வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"மொதல்ல எங்கம்மா வீட்டுல ஒன்னு இருக்குண்ணே. அத சுத்தமா அழிச்சிட்டு புதுசா போட்டுக் குடுங்க. சனிக்கெழம நான் வந்து பாப்பேன். சரியா இருந்தா நாப்பதும் உங்களுக்குத்தான்."

"அவ்வளவுதானா? அர நாள் வேல லா தங்கச்சி."

சாந்தினி உடனே கிளம்பவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அதுல எங்கப்பா கொரல் இருக்குண்ணே," என்றாள்.

அவள் அப்பா சந்திரசேகரன் போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஆசையாக அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, தன் குரலையே அதில் பதிவு செய்து வைத்திருந்தார். திறந்தால், "லெட்சு, வந்துட்டேன். கோப்பி போடு," என்னும். அடைத்தால், "போயிட்டு வந்துடுறேன் லெட்சு. கேட்டப் பூட்டிக்க," என்னும். வேலைக்குப் போன காலமெல்லாம் மனைவியிடம் தினமும் சொன்ன இரண்டு வாக்கியங்கள். போன வருஷம் ஒரு நாள் கேட்டைப் பூட்டிக்கொள்ளச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அம்மா தெனமும் காலையில அத தொறந்து வச்சி, கோப்பி போட்டு அது முன்னால வைக்கிறாங்கண்ணே. ஒரு வருசமாச்சு. எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கொரல் போனாத்தான் எங்கம்மா எனக்குத் திரும்பக் கெடைப்பாங்க."

தயாளனுக்கும் பயமாகத்தான் இருந்தது. விளக்கு எரியாத கழிவறைக்குள் விசில் அடித்துக்கொண்டு போகிற ஆள் அவன். ஆனால் மச்சானை நினைத்துப் பார்த்தான். பேய் பரவாயில்லை என்று தோன்றியது.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலை இந்த வீட்டுக்கு வந்தான். லெட்சுமி அக்கா ஒல்லியாக, அமைதியாக, அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதில் இருந்தார். எதற்கும் குறுக்கே பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியில் மூன்று விரல் விபூதிப் பட்டையும், நடுவில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கடைசி ஆயுத பூசைக்குச் சந்திரசேகரன் தன் கையால் வைத்தது.

"மூடிய மட்டும் கழட்டாதீங்க தம்பி. அவங்க வெரலு பட்டது அது ஒன்னுதான் அப்படியே இருக்கு. தொட்டா உதுந்துரும்."

"தேவையே இல்ல அக்கா. எல்லாம் வெளியிலேருந்தே முடிச்சிரலாம்," என்று தயாளன் அவசரமாகச் சொன்னான். வாரண்டி ஸ்டிக்கரைக் கிழிக்க அவன் ஒருநாளும் தயங்கியதில்லை. ஆனால் செத்தவர் வைத்த பொட்டின் மேல் கை வைக்கிற தைரியம் அவன் பரம்பரையிலேயே யாருக்கும் இருந்ததில்லை.

பாவம், ஒன்றும் தெரியாத மனுஷி என்று அவனே முன்வந்து விளக்கமும் சொன்னான்.

"டிஸ்க்னா என்னன்னா அக்கா, நம்ம வீட்டு அரிசி டப்பா மாதிரி. எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். பழைய அரிசியக் கொட்டிட்டு புது அரிசி போடப் போறோம். புரியுதா?"

"புரியுது தம்பி," என்று லெட்சுமி அக்கா தலையாட்டினார். "நானும் பக்கத்து வீட்டு ஹபீபாவும் இருபத்தாறு வருசம் ஒரே பஸ்ல வேலைக்குப் போனோம். அவளும் ஊர்ல இல்ல. நீங்க இப்படி வந்து பேசுறது நல்லா இருக்கு."

தயாளன் திரையைப் பார்த்தபடியே "ம்" கொட்டினான். எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று அது கேட்டது. பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எம்.டி. ஜீரோ என்று ஏதோ பெயர். அதையே தேர்ந்தெடுத்தான்.

இரண்டு தடவையும் தோற்ற பிறகு மணி ஒன்றாகிவிட்டது.

"நான் இன்னிக்கு வெரதம் தம்பி, வீட்டுல ஒன்னும் ஆக்கல. நீங்க போயி சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க," என்றார் லெட்சுமி அக்கா.

முனைக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கேட் பூட்டியிருந்தது. தயாளன் அழைப்பு மணியைத் தேடிக் கையை நீட்டினான். அப்போதுதான் அது கேட்டது. திறந்திருந்த சன்னல் வழியாக, பழைய ஒலிபெருக்கியின் லேசான கரகரப்போடு, ஓர் ஆண் குரல்.

"லெட்சு, வந்துட்டேன். கோப்பி போடு."

அவன் கை மணியை அழுத்தாமல் அப்படியே நின்றது. நல்ல வெயில். தெருவில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்ததில் கொஞ்சம் உயிர் வந்தது. மணியை அழுத்தினான். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. நல்ல நேரம் கழித்துத்தான் லெட்சுமி அக்கா சாவியோடு வந்தார்.

"அடுப்புல இருந்தேன் தம்பி."

அறைக்குள் போனால், திரையில் அதே வெள்ளை வரி. தொடங்குவதற்கு எதுவும் இல்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையில் ஆவி பறக்கும் கோப்பி.

"அக்கா, இப்ப இது பேசுச்சா?"

"பேசுச்சே. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னுல நெனச்சேன்," என்றார் லெட்சுமி அக்கா, சாதாரணமாக. "கோப்பி கேட்டாங்க. போட்டேன்."

தயாளன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். அது ஒன்றும் பொய்யில்லை.

மறுநாள் காலை நண்பன் ஹைதருக்குப் போன் போட்டான். ஹைதர் டவுனில் கடை வைத்திருப்பவன், விஷயம் தெரிந்தவன்.

"எந்த டிஸ்குல போட்ட?" என்றான் ஹைதர்.

"ஒன்னுதான் காட்டுச்சு. எம்.டி. ஜீரோ."

மறுமுனையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "டேய், அது மெமரி டிஸ்க். நெசமான டிஸ்கே இல்ல. இன்ஸ்டால் பண்றப்ப சாமான் எறக்கி வைக்க மெமரியில டிஸ்க் மாதிரி ஒன்ன ஜோடிச்சிக்கும். கரண்டு இருக்குற வரைக்கும்தான் அதுக்கு உசுரு. அடைச்சா எல்லாம் போச்சு. நீ நேத்துப் பூரா தண்ணியில கோலம் போட்டிருக்க."

"அப்ப நெசமான டிஸ்க் எங்க?"

"லிஸ்டுல வரலன்னா ஒன்னு வயர் கழண்டிருக்கும், இல்ல டிஸ்க் செத்துருக்கும்."

"செத்தது பேசுமா ஹைதர்?"

"என்னது?"

"ஒன்னுமில்ல."

"மூடியத் தொறந்து பாரு லா. அஞ்சு நிமிச வேல."

"தொறக்க முடியாது. பொட்டு வச்சிருக்கு."

"சரி, அது உங்க டிபார்ட்மென்ட்," என்று சொல்லி ஹைதர் போனை வைத்துவிட்டான்.

கரண்டு இருக்கும் வரை உயிர் என்று ஹைதர் சொன்னதைத் தயாளன் பிடித்துக்கொண்டான். அடைத்தால்தானே போகும், அடைக்காமல் விட்டால்? புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அந்தப் பொய் டிஸ்கிலேயே எல்லாவற்றையும் அழகாக அடுக்கினான். திரைக்குப் பின்னணியாகச் சாந்தினியின் டியூஷன் சென்டர் படத்தைக்கூடப் போட்டான். சனிக்கிழமை அவள் வந்து பார்க்கும் வரை தாங்கினால் போதும். நாற்பதும் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். இது ஏமாற்று வேலைதான் என்று அவன் மனசாட்சி லேசாக முனகியது. மச்சானின் முகத்தைக் காட்டி அதை அடக்கினான்.

"சுவிச்ச மட்டும் அடைச்சிறாதீங்க அக்கா. சனிக்கெழம வரைக்கும் எரியட்டும்."

"சரி தம்பி."

படம் எடுத்துச் சாந்தினிக்கு அனுப்பினான். 'சூப்பர்ணே' என்று பதில் வந்தது. அதே படத்தை யமுனாவுக்கும் காட்டினான். யமுனா சந்தோஷத்தில் அவனைக் கேட்காமலே அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துறச் சொல்லிட்டேங்க. எங்க வீட்டுக்காரரு இனிமே நாப்பது கம்ப்யூட்டருக்கு மொதலாளின்னு சொன்னேன். அண்ணன் பேசவே இல்ல."

அன்றைக்குத் தயாளனுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் பினாங்கு மலைப் பக்கம் வானம் கறுத்து, இடி இடித்தது. கடையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் போன் வந்தது.

"தம்பி, அடைச்சிட்டாங்க," என்றார் லெட்சுமி அக்கா.

"யாரு?"

"நான் குளிச்சிட்டு வந்து பாத்தா அடைச்சிருக்கு. இடி இடிச்சா அவங்க பிளக்க உருவிருவாங்க. அப்பலேருந்தே பழக்கம்."

தயாளன் மழையில் நனைந்தபடியே மோட்டார் சைக்கிளில் பறந்தான். கேட் வழக்கம்போலப் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக் கேட்டும் பூட்டித்தான் கிடந்தது. அதில் செருகியிருந்த விளம்பரத் தாள்கள் மழையில் ஊறித் தொங்கின. மணியை அழுத்தப் போனவனுக்கு, மழைச் சத்தத்தின் ஊடே தெளிவாகக் கேட்டது.

"போயிட்டு வந்துடுறேன் லெட்சு. கேட்டப் பூட்டிக்க."

முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் கட்டியை வைத்து இழுத்தது போல இருந்தது. மழையில் நனைந்ததால்தான் அப்படி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இந்தத் தடவையும் கேட் திறக்க நேரமானது. உள்ளே போய்ப் பார்த்தான். பிளக் சுவரிலிருந்து உருவப்பட்டுத் தரையில் கிடந்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் கோப்பி இல்லை. கோப்பை மட்டும் இருந்தது, காலியாக.

"நல்லா நனைஞ்சிட்டீங்களே தம்பி. தொடைச்சிக்குங்க," என்று லெட்சுமி அக்கா ஒரு துண்டை நீட்டினார். அதன் மூலையில் 'ச' என்று நூலால் தைத்திருந்தது. தயாளன் நனைந்தே இருக்கத் தீர்மானித்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நாற்பது கம்ப்யூட்டருக்கு நாற்பது தேங்காய் என்று வேண்டிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் யமுனா பிடித்துக்கொண்டாள். ஒரு மனுஷன் வேலை நாளில் குளித்து விபூதி பூசிக் கோயிலுக்குப் போனால் ஏதோ விபரீதம் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கக்கினான். மெமரி டிஸ்கிலிருந்து காலிக் கோப்பை வரை.

யமுனா பயப்படவில்லை. யோசித்தாள்.

"பொட்டுதானே தடை? பூசை போட்டு மூடினத பூசை போட்டே தொறங்க. எலுமிச்சம்பழம் வாங்கிட்டுப் போங்க. அவரு நல்ல மனுசரு, கோவிக்க மாட்டாரு."

பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவனுக்கு வராத யோசனை அவளுக்கு அரை நிமிஷத்தில் வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சாந்தினியின் கார் வாசலில் வந்து நின்றது. தயாளன் ஏற்கெனவே வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தட்டில் சூடம், ஊதுபத்தி, எலுமிச்சம்பழம், பக்கத்திலேயே ஸ்குரூடிரைவர்.

"என்னண்ணே இது? சரியாயிருச்சுன்னு படம் அனுப்புனீங்க?"

"தங்கச்சி, நான் அனுப்புனது பொய்," என்றான் தயாளன். சொல்லிவிட்ட பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசானது. "இந்தப் பொட்டிக்குள்ள டிஸ்க் செத்துப் போச்சு. ஆனா உங்கப்பா பேசுறாரு. நானே ரெண்டு தடவ காதால கேட்டேன். அவரு என்னைய வேல செய்ய விட மாட்டேங்கறாரு. நாப்பது வேணாம், ஒன்னும் வேணாம். இத மட்டும் ஒரு தடவ தொறந்து பாத்துட்டுப் போயிடுறேன்."

சாந்தினியின் முகம் வெளுத்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். லெட்சுமி அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே விட்டுவிட்டார்.

தயாளன் சூடத்தை ஏற்றினான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க," என்று பொட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, மூடியை இரண்டு கையாலும் ஒரு துளி விபூதி உதிராமல் கழற்றிக் கட்டிலின் மேல் படுக்க வைத்தான். பிறகு கைவிளக்கை அடித்து உள்ளே பார்த்தான்.

டிஸ்க் செத்துக் கிடக்கவில்லை. டிஸ்கே இல்லை.

அது இருக்க வேண்டிய இடம் காலி. மாட்ட வேண்டிய வயர்கள் அழகாக மடித்துக் கட்டப்பட்டிருந்தன. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் நான்கு ஸ்குரூக்கள். பையின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டி, அதில் தேதியும் எண்ணிக்கையும் எழுதியிருந்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு டிஸ்கைக் கழற்ற ஹைதருக்குக்கூட வராது.

சாந்தினி குனிந்து அந்தப் பையை எடுத்தாள். எழுத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள்.

லெட்சுமி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா எங்க வேல பாத்தாங்கன்னு உங்ககிட்ட சொல்லலையாண்ணே? ஜுரு பக்கம் ஹார்ட் டிஸ்க் செய்யுற ஃபேக்டரி. இருபத்தாறு வருசம். கடைசி எட்டு வருசம் லைன் லீடர்."

அரிசி டப்பா என்று தான் கொடுத்த விளக்கம் தயாளனுக்கு ஞாபகம் வந்தது. காது மடல் சூடாயிற்று.

"ஆனா அக்கா, பொட்டு அழியலையே," என்று மட்டும் அவனால் கேட்க முடிந்தது.

"பொட்டு இந்தப் பக்கம்தானே தம்பி இருக்கு," என்றார் லெட்சுமி அக்கா மெதுவாக. "நான் அந்தப் பக்க மூடியத் தொறந்து எடுத்தேன்."

பிறகு மகளிடம் திரும்பினார். இத்தனை நாள் அடக்கி வைத்த குரல் உடைந்து வந்தது.

"நீ அழிக்கணும்னு சொல்லிட்ட. வேணாம்னு சொன்னா அம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. அவங்க போட்டோ நூறு இருக்கு சாந்தினி. கொரலு அது ஒன்னுலதான் இருக்கு. அதான் இவரு வர்றதுக்கு முந்தியே கழட்டி வச்சிட்டேன்."

சாந்தினி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழிக்க வேண்டாம், யாரும் எதையும் அழிக்க மாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தயாளன் நாகரிகமாகச் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அதற்கும் மேலே ஒரு பெரிய நிம்மதி, காலிலிருந்து தலை வரை பரவிக்கொண்டிருந்தது. பேய் இல்லை. டிஸ்க் இல்லாத பெட்டியில் இந்த உலகத்தில் எவனாலும் எதையும் போட முடியாது. தொழிலில் குறையும் இல்லை.

"இருங்க, கோப்பி போடுறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு லெட்சுமி அக்கா சமையலறைக்குப் போனார்.

தயாளன் எழுந்து கால்களை நீட்டி உதறினான். குரலில் பழைய கெத்து வந்துவிட்டது.

"எல்லாம் இப்ப வெளங்குது பாரு தங்கச்சி. செவ்வாக்கெழம என்னைய சாப்பிட அனுப்பிட்டாங்க. நான் போனதும் டிஸ்க மாட்டி, உங்கப்பா கொரல கேட்டுட்டு, நான் மணியடிச்சதும் கழட்டி ஒளிச்சிட்டாங்க. அதான் கேட்டு தொறக்க அவ்வளவு நேரம். வியாழக்கெழமயும் அதேதான். பிளக்க உருவுனதும் அவங்கதான். இருபத்தாறு வருசம் டிஸ்க் மாட்டுன கைக்கு அஞ்சு நிமிசம் போதாதா? நான் மூனு நாளா தூங்கல லா. பேயாவது ஒன்னாவது."

சாந்தினி அழுகையின் நடுவே சிரித்தாள். "நாப்பதும் உங்களுக்குத்தாண்ணே. திங்கக்கெழம வந்துருங்க. ஆனா மொதல்ல எங்கப்பா டிஸ்க மாட்டிக் குடுங்க." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, டிஸ்க் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஹபீபாகிட்ட. இப்பத்தான் அவ சத்தம் கேட்டுச்சு. கூப்புடு."

யமுனாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே தயாளன் தலையாட்டினான். அதுவும் சரியாகத்தான் பொருந்துகிறது. வீட்டில் வைத்தால் அவன் கண்ணில் படும் என்று பக்கத்து வீட்டில் கொடுத்து வாங்கியிருக்கிறார். லைன் லீடர் மூளை.

லெட்சுமி அக்கா தட்டில் நான்கு கோப்பையோடு வந்தார். ஒன்றைத் தயாளனிடமும் ஒன்றை மகளிடமும் கொடுத்தார். ஒன்றைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மிச்சம் ஒன்றோடு தானும் உட்கார்ந்தார். பழக்கதோஷம் என்று தயாளன் நினைத்துக்கொண்டு, தன் கோப்பியை ஊதிக் குடித்தான். நல்ல கோப்பி. இப்படியிருந்தால் யாருக்கும் கேட்டு வாங்கிக் குடிக்கத்தான் தோன்றும்.

சாந்தினி வாசலில் போய்க் குரல் கொடுக்க, ஹபீபா பீவி உள்ளே வந்தார். தோளில் பெரிய துணிப்பை, முகத்தில் களைப்பு. பையின் அடியில் கையை விட்டு, துண்டில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல டிஸ்கை எடுத்துத் தயாளன் கையில் வைத்தார்.

"பாத்து தம்பி, லெட்சுமி உசுரு அது. கீழ போட்டுறாதீங்க."

"என்னக்கா, வாரம் பூரா இந்த டிஸ்க் உங்க வீட்டுக்கும் இந்த வீட்டுக்குமா நடந்து நடந்து கால் ஓஞ்சிருக்குமே?" என்று தயாளன் கண்ணைச் சிமிட்டினான்.

"நடந்துச்சா?" என்று ஹபீபா பீவி பையைக் கீழே இறக்கி வைத்தார். "திங்கக்கெழம காலையில லெட்சுமி இத என் பையில போட்டுவிட்டதுதான் தம்பி, என் கூடவே அலோர் ஸ்டார்ல மக வீட்டுல இருந்துட்டு, இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குது."